கழுவு ஊசிக்கு முன்

மாசமாக இருந்த நிறைமதியின் விரலில் குத்தி எடுத்த ரத்தச் சொட்டு பட்டையில் இறங்கி, இரண்டாவது கோடு மெல்லத் தெரிய ஆரம்பித்தபோது, பட்டைதான் கெட்டுப்போயிருக்கும் என்று நினைத்தேன். பதினொரு வருடமாக எங்கள் சுகாதார நிலையத்தில் யாரும் அந்தக் கோட்டைப் பார்த்ததில்லை. இன்னொரு பட்டையை எடுத்தேன். அதிலும் கோடு. மூன்றாவதிலும் கோடு.

"எத்தன தடவைங்க சிஸ்டர் குத்துவீங்க?" என்று மதி விரலை வாயில் வைத்துக்கொண்டாள்.

"வாயிலிருந்து எடு அம்மிணி" என்று அதட்டினேன். பயத்தில் வந்த அதட்டல் அது.

என் பெயர் ஓவியா. நான் பிறந்த காலத்தில் வகுப்புக்கு மூன்று ஓவியா இருந்தார்கள். இந்த 2068இல் ஐம்பத்து நான்கு வயதுக்காரிக்கு இப்படியொரு பெயரா என்று இளசுகள் வாய்க்குள் சிரிக்கிறார்கள். காங்கயத்துக்குப் பக்கத்தில் செவிலியர் வேலை. கோபக்காரி என்று ஊரெல்லாம் சொல்வார்கள், அது பொய்யில்லை. கோபம் வந்தால் யோசிக்காமல் பேசிவிடுவேன், அன்றும் அதைத்தான் செய்தேன்.

"ஹெபடைடிஸ் பி. கல்லீரல்ல இருக்கற கிருமி. ஆளுக்கே தெரியாம முப்பது வருஷம் சும்மா கெடக்கும், அப்புறம் ஈரலக் கெடுக்கும்."

"எனக்கு எப்புடிங்க வந்துச்சு?"

"பொறக்கறப்ப உங்கம்மாகிட்டருந்து வந்திருக்கும். பொறந்த அன்னிக்கே ஊசி போட்டிருந்தா வந்திருக்காது."

சொன்ன பிறகுதான் யாரிடம் என்ன சொல்கிறேன் என்று உறைத்தது. மதி அம்மா இல்லாத பெண். ஓர் இல்லத்தின் வாசல் தொட்டிலில் யாரோ போட்டுவிட்டுப் போன குழந்தை. அங்கேயே வளர்ந்து, படித்து, பனியன் கம்பெனியில் இயந்திரக் கைகளுக்குத் துணி மடிக்கப் பழக்கும் வேலைக்கு வந்து, தேங்காய்க் களத்தில் வேலை செய்யும் செந்தூரனைக் கட்டிக்கொண்டவள். அவள் பதிவில் அம்மா பெயர், தாய் வீடு எல்லாம் காலி.

எத்தனையோ பேரிடம் எத்தனையோ நோயைச் சொல்லியிருக்கிறேன். அழுதிருக்கிறார்கள், என்னைத் திட்டியிருக்கிறார்கள். ஒருத்திக்கும் முகம் மலர்ந்து நான் பார்த்ததில்லை. மதிக்கு மலர்ந்தது.

"அப்ப இது எங்கம்மாவோடதுங்களா?" என்று கேட்டாள்.

அதற்குப் பிறகு நான் சொன்னதை எல்லாம் அவள் அந்த ஒரே நினைப்போடுதான் கேட்டாள்.

வழி பார்த்தல் என்று ஒரு சோதனை இருப்பதை நான் சொல்லாமல் விடவும் முடியாது. சட்டப்படி சொல்ல வேண்டும். "இந்தக் கிருமி ஒவ்வொரு உடம்புலயும் கொஞ்சம் கொஞ்சமா மாறிக்கிட்டே போகும். ரெண்டு பேரோட கிருமியப் பக்கத்துல வெச்சுப் பாத்தா, யாருகிட்டருந்து யாருக்குப் போச்சுன்னு தெரிஞ்சிரும். யாருக்கெல்லாம் இன்னும் இருக்குன்னு கண்டுபுடிக்கத்தான் அது."

"நூலப் பாத்து எந்த மில்லுதுன்னு சொல்ற மாதிரிங்களா?"

"அப்படித்தான்."

"அப்பப் பாத்துச் சொல்லுங்க."

"பேரு சொல்ல மாட்டாங்க அம்மிணி. உனக்கு முன்னாடி யாருக்கு இருந்துச்சோ, அவங்கள முன்னவர்னு வெச்சிருக்காங்க. அவங்க வீட்டுக்கு ஒரு சிஸ்டர் நேர்ல போயி, உங்கள ஒருத்தர் பாக்க ஆசப்படறாங்க, சம்மதமான்னு கேப்பாங்க. யாரு, எந்த ஊரு, எதுவும் சொல்ல மாட்டாங்க, என்ன ஒறவுன்னு நெனச்சுக் கேக்கறியோ அது மட்டும் காயிதத்துல இருக்கும். தொண்ணூறு நாளைக்குள்ள அவங்க ஆமான்னாத்தான் உனக்குத் தெரியும்."

இவ்வளவு கட்டுக்காவலுக்குக் காரணம் உண்டு. முன்பு ஒருமுறை இந்த நோய்க்காரர்கள் பட்டியல் வெளியே கசிந்து, நிச்சயமான கல்யாணங்கள் நின்றுபோயின, பள்ளிக்கூடச் சமையல்காரம்மாவை வேலையை விட்டே அனுப்பினார்கள். அதற்குப் பிறகு வந்ததுதான் மறதிச் சட்டம். கழுவு ஊசி போட்டுக்கொண்ட அன்றே அந்த ஆளின் பெயர், கிருமி விவரம், கேட்டிருந்த கேள்வி எல்லாம் பதிவிலிருந்து நீங்கிவிடும். யார் நினைத்தாலும் திரும்ப எடுக்க முடியாது. நல்ல சட்டம்தான். அது மதியைப் போல ஒருத்தியை நினைத்துப் போட்ட சட்டமில்லை, அவ்வளவுதான்.

கழுவு ஊசி என்பது மக்கள் வைத்த பெயர். ஒரே ஊசி, கல்லீரலில் ஒளிந்திருப்பதையெல்லாம் துடைத்து எடுத்துவிடும். ஆனால் முழுதாகப் போகப் பத்து வாரம் பிடிக்கும். அதனால் கர்ப்பிணிகளுக்கு இருபத்தெட்டாவது வாரத்துக்குள் போட்டாக வேண்டும். மதியின் கேள்வி கிளம்பியபோது அவளுக்குப் பதினாறு வாரம். தொண்ணூறு நாள் முடியும்போது இருபத்தொன்பது. கணக்கு உதைப்பது ஒரே ஒரு வாரம்.

"அப்பப் பிரசவம் ஆனதுக்கப்புறம் போட்டுக்கறேனுங்க" என்றாள்.

"புள்ளைக்கு?"

"புள்ளைக்குத்தான் பொறந்த ஒடனே ஊசி போடுவீங்களே. தடுப்பூசி ஒண்ணு, எதிர்ப்புச் சத்து ஒண்ணு. நீங்கதான சொன்னீங்க."

"உனக்குக் கிருமி கோடிக்கணக்குல இருக்குது. ரெண்டு ஊசியும் போட்டும் நூத்துல அஞ்சாறு புள்ளைகளுக்கு ஒட்டிரும். பச்சப் புள்ளைக்கு ஒட்டுச்சுன்னா போகவே போகாது. கழுவு ஊசியும் பெரியவங்களுக்குத்தான்."

"தொண்ணூத்தி நாலு பேரு தப்பிச்சர்றாங்கல்லீங்க."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "உன்னப் போட்டுட்டுப் போனவளுக்காக உம்புள்ளயப் பணயம் வெக்கறியா?" என்று கேட்டுவிட்டேன். செந்தூரன் பக்கத்திலேயே நின்றான். அவன் தலையைக் குனிந்துகொண்டானே தவிர, மறுக்கவில்லை. அவனுக்கும் அதே கேள்விதான், கேட்க வாய் வரவில்லை.

மதி என் முகத்தை உற்றுப் பார்த்தாள். பிறகு, "சிஸ்டர், உங்க மூக்கு யாரு மாதிரிங்க?" என்று கேட்டாள்.

"எங்கப்பா மாதிரி."

"எனக்கு அப்படிச் சொல்ல ஒண்ணுமே இல்லீங்க. இருவத்தாறு வருஷத்துல எங்கம்மாவோடதுன்னு எங்கிட்ட வந்தது இது ஒண்ணுதான். அதக் கழுவிட்டா, அவங்களக் கேக்கறதுக்கு ஒலகத்துல ஒரு வழியும் இல்ல. எனக்கு அவங்க மொகத்த ஒரு தடவ பாக்கோணும். திட்டறதுக்கெல்லாம் இல்லீங்க. சும்மா பாக்கறதுக்கு."

ஊசிக்குக் கையெழுத்து அவள்தான் போட வேண்டும். நான் பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பினேன்.

பிறகு ஒவ்வொரு புதன்கிழமையும் வந்தாள். வந்ததும் எடை பார்க்கும் மேடையில் ஏறாமல் என் மேசைத் திரையைத்தான் எட்டிப் பார்ப்பாள். "பதில் வந்துச்சுங்களா?" வரவில்லை. இருபது வாரம், இருபத்து மூன்று, இருபத்தைந்து. வயிறு வளர வளர அந்தக் கேள்வியின் குரல் சின்னதாகிக்கொண்டே போனது. இல்லை என்றாவது ஒரு பதில் வந்து தொலைந்தால் அழுதுவிட்டு ஊசி போட்டுக்கொள்வாளே என்று நான் மனதுக்குள் அந்த முகம் தெரியாத பொம்பளையைத் திட்டித் தீர்த்தேன்.

பெண்கள் பிரசவத்துக்குத் தாய் வீடு போகும் வழக்கம் இன்னும் எங்கள் பக்கம் மாறவில்லை. ஏழாம் மாதம் ஆனால் என் ஊர்ப் பெண் அடுத்த ஊருக்குப் போவாள், அடுத்த ஊர்ப் பெண் இங்கே வருவாள். இன்னாருக்கு ரத்தம் கம்மி, இன்னார் மாத்திரையை ஜன்னல் வழியாக வீசுகிறவள் என்று நாங்கள் சிஸ்டர்கள் ஒருவருக்கொருவர் ஃபோன் போட்டுச் சொல்லிவிடுவோம். எந்தக் கணினியிலும் இல்லாத பதிவு அது. அதனால் மூலனூர் பக்கம் வேலை பார்க்கும் மிருதுளா கூப்பிட்டபோது, யாரோ பிரசவத்துக்கு வருகிறாள் என்றுதான் எடுத்தேன்.

"ஓவியா, கேக்கக் கூடாதுதான். முன்னவர் கேள்வி ஒண்ணு எங்கிட்ட வந்து ரெண்டு மாசம் ஆச்சு. எண்ணப் பாத்தா உங்க பக்கம் மாதிரி இருக்குது. அந்தம்மா ஆமாங்கவும் மாட்டேங்கறாங்க, இல்லைங்கவும் மாட்டேங்கறாங்க. நான் போறப்பெல்லாம் காயிதத்தக் கையில வெச்சுட்டு அழறாங்க. போன வாரம் என்ன சொன்னாங்க தெரியுமா? நான் அந்தப் புள்ளையோட அம்மா இல்லீங்கன்னு."

வீடு எங்கே என்று கேட்டு எழுதிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கிளம்பினேன். தெரிந்தால் வேலை போகும். இருபத்தாறு வாரம் மூன்று நாள் ஆகியிருந்தது, எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை.

அந்த அம்மாள் பெயர் தாரணி. அறுபது வயது. முருங்கை நாற்றுப் பண்ணையில் பைகளுக்கு மண் நிரப்பிக்கொண்டிருந்தார். நான் யாரென்று சொன்னதும் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, உட்காரச் சொல்ல ஒரு கவிழ்த்த வாளியைக் காட்டினார்.

"அக்கா, நீங்க அவ அம்மா இல்லேன்னா, கிருமி எப்படி உங்ககிட்டருந்து போச்சு?"

"பால் குடுத்தேனுங்க" என்றார்.

நான் எதுவும் கேட்காமலே மீதியைச் சொன்னார். "எம்புள்ள பொறந்து அழுவவே இல்லீங்க. கொடி சுத்திருச்சு. பன்னெண்டு நாளு கழிச்சு அந்த இல்லத்துல ஆயா வேலைக்குச் சேந்தேன். சேந்த அன்னிக்குத் தொட்டில்ல இவ கெடந்தா. மூணு நாளுப் புள்ள. பவுடர் பால் குடுத்தாத் துப்பறா. அவ அழ அழ எனக்கு ரவிக்க நனஞ்சு போச்சு. ஆயாங்க பால் குடுக்கக் கூடாதுன்னு சட்டம் அங்க. பாத்ரூமுக்குள்ள தூக்கிட்டுப் போயிக் குடுத்தேன்."

"உங்களுக்கு இது இருக்குன்னு தெரியாதா?"

"நான் மாசமா இருக்கறப்பவே சொல்லிட்டாங்க. புள்ளைக்குப் பொறந்த அன்னிக்கே ஊசி போட்டுட்டா, தாராளமாப் பால் குடுக்கலாம்னும் சொன்னாங்க. அது சரிதானுங்களே?"

"சரிதான்" என்றேன். அன்றும் இன்றும் அது சரிதான்.

"இவளுக்குத் தொப்புள்ல ஆஸ்பத்திரிக் கிளிப்பு இருந்துச்சுங்க. வீட்டுல பொறந்திருந்தா நூலுதான கட்டியிருப்பாங்க. ஆஸ்பத்திரில பொறந்தா ஊசி போடாம வெளிய விடவே மாட்டாங்க. கிளிப்பு இருக்குதுங்க, ஊசி போட்டாச்சுன்னு டாக்டரம்மாகிட்ட நாந்தான் சொன்னேன். அவங்களும் போட்டதா எழுதிட்டாங்க. போடலைங்க சிஸ்டர். யாரோ கிளிப்ப மட்டும் போட்டிருக்காங்க. எனக்குக் காம்பு வெடிச்சு ரத்தம் வரும், அவ விட மாட்டா, நானும் விட மாட்டேன். ஏழு மாசம். அப்புறம் பாத்துட்டாங்க, வேலைய விட்டு அனுப்பிட்டாங்க."

கிளிப்பைப் பார்த்திருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். முப்பது வருடம் இந்த வேலை பார்த்த யாரும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

"கழுவு ஊசி வந்து பதினஞ்சு வருஷம் ஆச்சே அக்கா. நீங்க ஏன் போட்டுக்கல?"

"போட்டுட்டா எம்பேரு போயிருமில்லீங்க. ஒருவேள அந்தப் புள்ளைக்கு என்னால வந்திருந்தா, என்னிக்காச்சும் அவ கேட்டு வந்தா, ஆளு இருக்கோணுமில்ல." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அவளும் வந்தா. ஆனா காயிதத்துல பாருங்க, தாய்னு நெனச்சுக் கேட்டுருக்கா. நான் இல்லைன்னு எழுதினா, பெத்தவ ரெண்டாந்தடவையும் வேண்டாம்னுட்டாள்னு ஆயிரும். ஆமான்னு எழுதிட்டு நான் போயி நின்னா, அம்மா இல்ல, ஆயான்னு ஆயிரும். எதச் சொன்னாலும் அந்தப் புள்ளைக்கு அம்மா இல்லாமப் போயிரும். அதான் ரெண்டும் சொல்லல."

"அவ மாசமா இருக்கறா அக்கா."

அவருக்கு அது தெரியாது. கேள்விக் காகிதத்தில் அதைப் போட மாட்டார்கள்.

இருபத்தெட்டு வாரம், பத்து வாரம், நூற்றில் ஐந்தாறு, எல்லாவற்றையும் சொன்னேன். நீங்கள் பதில் சொல்லாத ஒவ்வொரு நாளும் அவள் ஊசி போட்டுக்கொள்ளாமல் இருக்கிறாள் என்றேன். இன்னும் பதினோரு நாள்தான் இருக்கிறது என்றேன். என் குரல் உயர்ந்துவிட்டது, பண்ணைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

தாரணியக்கா நிரப்பிய பையை ஓரமாக வைத்தார். "புதங்கெழம வர்றேனுங்க" என்றார்.

"யாருன்னு சொல்லிட்டு வருவீங்க?"

"காயிதத்துல என்ன போட்டிருக்குதோ, அதையே சொல்லிட்டு."

நான் தடுத்திருக்க வேண்டும். வண்டி ஓட்டிக்கொண்டு வரும்போது வழியெல்லாம் எனக்கு நானே அதைத்தான் சொல்லிக்கொண்டேன். ஆனால் பிள்ளை தப்பிக்கும், மதிக்கு ஒரு முகம் கிடைக்கும், ஊசி போட்டதும் பதிவும் போய்விடும், பொய்யென்று காட்ட ஒரு சான்றும் மிஞ்சாது. அந்த நினைப்பு எனக்கு நிம்மதியாக இருந்தது, அதைச் சொல்ல எனக்கு வெட்கமாகவும் இருக்கிறது.

புதன்கிழமை பத்து மணிக்குத் தாரணியக்கா வந்தார். மதி முந்தின நாளே தகவல் தெரிந்து, வளையல் எல்லாம் போட்டுக்கொண்டு, செந்தூரனை வெளியே நிறுத்திவிட்டு ஆலோசனை அறையில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு பேரையும் தனியே விட வேண்டும் என்பது விதி. இருந்தாலும் நான் மூலையில் மருந்துப் பெட்டியை அடுக்குகிற மாதிரி நின்றுகொண்டேன்.

மதி அவர் முகத்தையே பார்த்தாள். நெற்றி, மூக்கு, காது மடல் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். தன்னுடையது எதையாவது அங்கே தேடினாள் என்று எனக்குத் தெரிந்தது, நான் தலையைத் திருப்பிக்கொண்டேன்.

"ஏனுங்க விட்டுட்டுப் போனீங்க?" என்று கடைசியில் கேட்டாள்.

செய்யாத குற்றத்துக்கு அந்த அம்மாள் கை கட்டி நின்றார். "எனக்கு வேற வழி தெரியல சாமி. தப்புத்தான்" என்றார். அதற்குமேல் ஒரு வார்த்தை சாக்குச் சொல்லவில்லை.

மதி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்ததும் தாரணியக்காவுக்குத் தாங்கவில்லை, வாய் திறந்துகொண்டது. நீ குடிக்கும்போது என் தாலிக் கயிற்றைப் பிடித்து இழுப்பாய் என்றார். இடது பக்கம் குடித்தால்தான் தூங்குவாய் என்றார். கண் பீளை தள்ளி ஒரு வாரம் திறக்கவில்லை, பாலைப் பீய்ச்சித்தான் துடைத்தேன் என்றார். பொங்கலன்றைக்குக் குப்புற விழுந்தாய், முதல் பல் கீழேதான் முளைத்தது என்றார். இருபத்தாறு வருடமாக யாரிடமும் சொல்ல முடியாததை ஒரே மூச்சில் கொட்டினார். அட பாவி மனுஷி, நிறுத்து, நிறுத்து என்று மனதுக்குள் கத்திக்கொண்டே இரண்டு முறை இருமினேன். அவர் காதில் ஏறவில்லை.

மதி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே இருந்தாள். நடுவில் ஓரிடத்தில் அவள் முகம் அப்படியே நின்றுபோன மாதிரி எனக்குத் தோன்றியது. பிறகு சிரித்தாள். "இன்னும் சொல்லுங்க" என்றாள்.

பதினோரு மணிக்கு என் பக்கம் திரும்பி, "ஊசி போடுங்க சிஸ்டர்" என்றாள். கையெழுத்துப் போட்டாள். தாரணியக்காவுக்கும் அன்றே போட்டேன். மாலையில் திரையைப் பார்த்தேன். இருவருடைய பெயரும் இல்லை.

அதற்குப் பிறகு தாரணியக்கா மூலனூருக்குத் திரும்பவில்லை. மதி விடவில்லை. முப்பத்தெட்டாவது வாரத்தில் எடுத்த ரத்தத்தில் கிருமி ஒன்றுகூட இல்லை. முப்பத்தொன்பதாவது வாரம், ஒரு புதன்கிழமை காலையில், எங்கள் நிலையத்திலேயே பெண் குழந்தை பிறந்தது. மூன்று கிலோ நூறு. பிறந்ததும் ஊரைக் கூட்டும் அழுகை.

அம்மாவுக்குக் கிருமி இல்லாவிட்டாலும் பிறந்த குழந்தைக்குத் தடுப்பூசி உண்டு. நான் மருந்தை ஏற்றிக்கொண்டிருந்தேன். தாரணியக்கா வெந்நீர் வாங்கப் போயிருந்தார்.

"சிஸ்டர்" என்றாள் மதி. "அவங்க சொல்றதெல்லாம் மூணாம் நாளுக்கு அப்புறம் நடந்ததுங்க."

என் கை நின்றது.

"மூணாம் நாளுதான் என்னயத் தொட்டில்ல போட்டாங்க. பெத்தவளுக்குத் தெரிஞ்சா மொத மூணு நாளுதான் தெரியும். குப்புற விழுந்தது, பல்லு மொளச்சது எல்லாம் எப்புடிங்க தெரியும்? நான் எந்நேரத்துல பொறந்தேன்னு கேட்டேன், அவங்களுக்குச் சொல்லத் தெரியல."

"அன்னிக்கே தெரிஞ்சுதா?"

"அன்னிக்கேதானுங்க. இல்லத்துல யாரோ பால் குடுத்த ஆயாவ அனுப்பிட்டாங்கன்னு ஒரு பேச்சு உண்டு. புரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சுமா ஊசி போட்டுக்கிட்டே? அந்தக் கேள்விய இன்னும்..."

"கேள்வி போயிச் சேர வேண்டிய எடம் அவங்கதானுங்க. அதுக்கு அந்தப்பக்கம் ஒண்ணும் இல்ல." குழந்தையின் காலை விரலால் தடவினாள். "எங்கம்மா எனக்கு எதையோ குடுத்துட்டுப் போனாள்னு வயித்துப் புள்ளையக்கூட நெனைக்காம வெச்சுட்டிருந்தேன். அவ ஒண்ணுமே குடுக்கல சிஸ்டர். நோயக்கூட."

சொல்லிவிட்டு அழுதாள். சத்தமில்லாமல், குழந்தை எழுந்துவிடக் கூடாதே என்று உடம்பை அசைக்காமல் அழுதாள். எனக்கு ஏதாவது சொல்ல வேண்டும் போல் இருந்தது. "நோயில்லாமப் பெத்துக் குடுத்திருக்கா அம்மிணி" என்றேன்.

"அது எல்லாரும் குடுக்கறதுதானுங்களே" என்றாள்.

வெளியே செருப்புச் சத்தம் கேட்டது. மதி முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டாள். "நீங்களும் சொல்லிராதீங்க. எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா அவங்க கெளம்பிப் போயிருவாங்க" என்றாள். பிறகு குரலைச் சரிசெய்துகொண்டு, "அம்மா, வாங்க. புள்ளையப் புடிச்சுக்கோங்க, ஊசி போடோணுமாம்" என்றாள்.

தாரணியக்கா குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டார். நான் தொடையில் ஊசி போட்டேன். குழந்தை அழுததைவிட அவர் அதிகம் அழுதார். அட்டையில் தேதியும் நேரமும் எழுதினேன். பிறந்து நாற்பது நிமிடம்.

கர்ப்பிணிகள் வரும் நாள் அது. வாசலில் அம்மாக்கள் மகள்களைக் கூட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். மதி படுத்தவாறே ஜன்னல் பக்கம் திரும்பி, அந்த வரிசையில் வயதான பெண்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.